கதவு திறக்கும் கிழமையில் நண்டு

2010 மே 4
இன்று ஒரு நண்டுகூடச் சாகவில்லை.
முன்பெல்லாம் அம்மா வாவிக்கரையில் நண்டு வாங்கி, மட்டக்களப்புச் சந்தைக்கு பஸ்ஸில் கொண்டுபோவார். விற்காதவை வெயிலில் செத்துவிடும். செத்த நண்டை யார் வாங்குவார்கள்? சண்டை முடிந்து வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு, கல்லடி விடுதிக்கார நல்லரத்தினம் ஐயா எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே போனில் சொல்கிறார். அவ்வளவுதான் வாங்குகிறோம்.
போன் என் பொறுப்பு. "நண்டு மணக்கிற கையால தொட்டா பழுதாப் போகும்" என்று அம்மா கிட்டவும் வரமாட்டார்.

மே 17
நல்லரத்தினம் ஐயா போனில் அழைத்தார். "சனிக்கிழமை கலியாண ஆக்கள் வாறாங்க புள்ள. இருபது கிலோ தருவீங்களா?"
"ஓம் ஐயா, கட்டாயம்" என்றேன். பெரிய வியாபாரி மாதிரி!

மே 19
ஐயோ. வெள்ளிக்கிழமை வருடாந்தச் சடங்குக்காகக் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறக்கிறார்கள். அதன்பின் அம்மனைக் குளிர்விக்கும் கடைசிநாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை ஊரில் ஒருவரும் வலை போடமாட்டார்கள். மீன், நண்டு வாசற்படலை தாண்டி வீட்டுக்குள் வராது. இது தெரியாத பிள்ளையா நான்? போனைக் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டதா?
அம்மா ஏசவில்லை. "இனி அந்த மனுசன் நம்மள நம்புவாரா? அவர விட்டா திரும்பவும் சந்தைதான்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருக்கலாம்.

மே 20
பின்னேரம் அம்மா கேட்டார்: "றமீஸாட நம்பர் இதுக்குள்ள கிடக்கா?"
காத்தான்குடி றமீஸா மாமி, சுனாமி முகாமில் எங்களுக்குப் பக்கத்துப் பாயில் இருந்தவர். அவருக்கும் நண்டு வியாபாரந்தான். அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு போனை வாங்கினார் — தலைகீழாக! திருப்பிக் கொடுத்தேன்.
"என்னகா றமீஸா, கதவு திறக்கிற கிழமையில என்ட மகள் நண்டு வித்துட்டாள்!"
அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. "எங்கட ஊர் வலைக்கு என்ன தடை? அந்த ஐயாட நம்பரத் தாகா, நானே கொண்டு போறன்."
நம்பரைக் கொடுத்தால் அவரே அந்த வியாபாரத்தைப் பிடித்துவிட்டால்? அம்மாவும் அதைத்தான் நினைத்தாரோ — போனைச் சேலையால் பொத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயாட நம்பரச் சொல்லு புள்ள" என்றார்.

மே 22
நண்டு போய்ச் சேர்ந்தது. "வசந்தாதேவி அனுப்பின நண்டு" என்று அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் மாமி இறக்கினாராம். நல்லரத்தினம் ஐயா போனில் சொன்னார். அடுத்த மாதத்துக்கும் எங்களிடமே கேட்டார்.
கோயிலில் அம்மனுக்கு நன்றி சொன்னேன். அங்கேயே நின்று றமீஸா மாமிக்கும் சொன்னேன்.

செப்டம்பர் 8
படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் எழும்புமுன் அம்மா எடுத்துவிட்டார்.
"சொல்லு றமீஸா... ஓம், நோன்புப் பெருநாளுக்கு உங்கட ஆக்கள் தோணியில ஏற மாட்டாங்கதானே. நீ நண்டு குடுக்கிற கடைகளுக்கு எவ்வளவு வேணும்? நான் குடுக்கிறன். நம்பருகளச் சொல்லு... இரு, மெதுவாச் சொல்லுகா, நானே எழுதுறன்."