அண்ணன் வண்டியின் கியர்பாக்ஸ்

12-8-1961, சனிக்கிழமை

என் பழைய வேனின் கியர்பாக்ஸ் உடைந்துவிட்டது. மாசியில் இறந்துபோன அண்ணனின் வேன் அவர் வீட்டுக் கொல்லையில் சும்மா நிற்கிறது. "அதைக் கழட்டி ஒங்க வண்டியில போட்டுக்கங்க தம்பி. துருப்பிடிச்சு யாருக்கு ஆகப்போகுது?" என்று மதினியே சொன்னார்கள்.

இன்று மெக்கானிக் அதை மாட்டி முடித்தார். கறம்பக்குடிக்குள் ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரில் அண்ணன் வண்டியின் அதே முனகல் வந்தது. யோசிக்காமல் அவர்கள் தெருவுக்குள் திரும்பிவிட்டேன்.

மதினி ஈரக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு. அண்ணன் போன பிறகு நான் பார்க்காத சிரிப்பு. என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நீங்களா தம்பி. சோறு வடிச்சுக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டதும் கிறுக்கச்சி மாதிரி ஓடியாந்துட்டேன்."

இன்ஜினை அணைத்தேன். வண்டியை விட்டு இறங்க முடியவில்லை.

"நான் இதைக் கழட்டிடுறேன் மதினி" என்றேன்.

"வேணாம். லோடுக்குப் போகும்போது இந்தத் தெரு வழியாவே போங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனார்கள்.

திங்கட்கிழமை தேங்காய் லோடு இருக்கிறது. அவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே இருப்பார்கள். நான் நிறுத்தாமல் போக வேண்டும்.