ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன இடம்

சண்டை பிடிக்கக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுப்போன என் சின்னவன் குமரனுக்கு,

நான் விமானத்திலிருந்து குதித்தேன். நீ நம்பமாட்டாய். உன் அண்ணியும் முதலில் நம்பவில்லை.

"இஞ்சாருங்கோ, ஐம்பத்திமூண்டு வயசிலை உங்களுக்கென்ன விசரோ? ஒரு விசரன் போனது காணாதோ?" என்றாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். என்னைவிட உன்னைத்தான் அவளுக்குப் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும்.

உன் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "பரசூட் விரியேல்லையோ?" இல்லை, வேலையிடத்தில் உடுப்பு மாற்றும் அறையில் இருந்தபடியே நெஞ்சு நின்றுவிட்டது என்றேன். "அப்பிடியோ," என்று ஒருவர் சொன்ன விதத்தில் ஏமாற்றம் இருந்தது. அவருடைய முகத்தை ஞாபகம் வைத்திருக்கிறேன். அவர் வீட்டு விசேஷம் எதற்கும் இனி நான் போகப்போவதில்லை.

எனக்கு உன்மேல் இருந்த கோபம் வேறு. அம்மா படுக்கையில் கிடந்த வருடங்களில் கிழமை நாட்களை உன் அண்ணியும் நானும் பார்த்துக்கொண்டோம். ஞாயிறு ஒன்றுதான் உன் பங்கு. அந்த ஒரு நாளும் நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பீல் நகரத்தில் பஸ் ஏறி, வயல்களுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்ன விமானத் திடலுக்குப் போனாய். நான் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கிற நேரத்தில் நீ ஆகாயத்தில் விழுந்துகொண்டிருந்தாய். "சின்னவன் வரேல்லையோ?" என்று அம்மா கேட்பா. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பா.

ஒருமுறை உன்னை வாசலில் மறித்தேன். நீ சிரித்தாய். "அண்ணை, கிழமை முழுக்க முதியோர் இல்லத்திலை மற்ற ஆக்களின்ர அம்மாமாரைத் தூக்கிறன். ஒரு நாள் என்னை ஆரும் தூக்கட்டுமன்."

"பகிடி விடாதை," என்றேன். நீ போய்விட்டாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

அம்மா போனா. அடுத்த வருடம் நீயும் போனாய். கோபம் மட்டும் வீட்டில் என்னோடு இருந்தது. எங்களைவிட அப்படி என்னதான் அங்கே இருந்தது? நேரில் போய்ப் பார்த்துவிட்டு உன்னை ஆறுதலாகத் திட்டலாம் என்றுதான் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். உன் அண்ணன் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை.

பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துவிட்டு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறவன் நான். விழுகிற பொருளின் வேகத்தைத் தாளில் கணக்குப் போட எனக்குத் தெரியும். ஆனால் குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் அழுத்தி, கைகால்களை உயர்த்தி வில்லாக வளையச் சொன்னார்கள். என் உடம்பு பலகையாகக் கிடந்தது. "இறுக்கத்தை விடுங்கள்," என்று பயிற்சியாளர் உர்சுலா திரும்பத் திரும்பச் சொன்னாள். விடக்கூடியதாக இருந்தால் நான் ஏன் அங்கே வருகிறேன்?

இன்னொன்றையும் கவனித்தேன். கன்டீனில் அந்தச் சுவிஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்து, நம் ஆட்கள் ஓம் சொல்வதுபோலத் தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்து ஆட்டினார்கள். "கோப்பி?" என்று ஒருவன் கேட்க மற்றவன் ஆட்டுவான். என்னைத்தான் நையாண்டி பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். அதையும் மனதில் குறித்து வைத்தேன்.

முதல் குதிப்பு நாளன்று உர்சுலா இல்லை. வேறு திடலிலிருந்து உதவிக்கு வந்த இருவர் என்னைப் பொறுப்பெடுத்தார்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் கதவைத் திறந்தார்கள். இருவரும் இரண்டு பக்கமும் என் உடையைப் பிடித்திருக்க, ஒருவர் "பராட்?" என்று கத்தினார். தயாரா என்கிறார். நான் ஓம் என்று தலையாட்டினேன். முப்பது வருடமாக இந்த நாட்டில் மேலும் கீழும் ஆட்டப் பழகிய தலை, பயத்தில் யாழ்ப்பாணம் போய்விட்டது. அது தோளுக்குத் தோள் ஆடியது. அவர்கள் அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்கள். தெளிவான சம்மதம் இல்லாமல் யாரையும் இறக்கமாட்டார்களாம். கதவு மூடியது. நான் விமானத்தோடேயே தரைக்கு வந்தேன்.

மறுநாள் உர்சுலாவிடம் என் ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன். உங்கள் ஆட்கள் என் தலையாட்டலை நையாண்டி பண்ணுகிறார்கள், அதே தலையாட்டலுக்காக என்னைத் திருப்பியும் கொண்டுவந்தார்கள், இதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன்.

அவள் கையிலிருந்த தலைக்கவசத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "குமரனும் முதல் நாள் இப்படித்தான் ஆட்டினான். விமானத்தோடேயே இறங்கி வந்தான். நாங்கள் அன்று முழுக்கச் சிரித்தோம். பிறகு எங்களுக்கும் தொற்றிவிட்டது. இங்கே சம்மதம் என்றால் இப்போது அதுதான்," என்றாள்.

"என் தம்பி என்று யார் சொன்னது?"

"குடும்பப் பெயர் ஒன்றுதானே. நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தோம்."

அவளுக்குப் பின்னால் பரசூட் மடித்துக்கொண்டிருந்த வயதான மனிதர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கழுத்துச் சுளுக்கியவர்போல இருந்தது. ஆனால் சிரிக்காமல் ஆட்டினார்.

நான் அவர்களைப்போல ஆட்டப் பழகினேன். நீ அவர்களை உன்னைப்போல ஆட்ட வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இதை ஏனடா எனக்குச் சொல்லவில்லை? சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாயோ?

அதற்குப் பிறகு உர்சுலாவும் இன்னொருவரும் பிடித்துக்கொள்ளக் குதித்தேன். அழகாக ஒன்றும் இல்லை. பலகைபோலவே விழுந்தேன். கையில் கட்டியிருந்த உயரமானியைப் பார்க்க மறந்தேன். பரசூட்டை உர்சுலாதான் திறந்தாள். "பயிற்சியின் இந்தக் கட்டத்தைத் திரும்பச் செய்ய வேண்டும்," என்றாள். பரீட்சையில் தோற்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்த தடவை உயரத்தைப் பார்த்தேன். நானே இழுத்தேன். பெரிய உதறலோடு காற்றின் சத்தம் நின்றது. கீழே ஏரி கிடந்தது, ஒரு பக்கம் யூரா மலை. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை, குமரன். அம்மா படுத்த நாளிலிருந்து என் காது அடுத்த அறையிலேயே இருந்திருக்கிறது. அம்மா போன பிறகும் அங்கேதான் இருந்தது. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கே தொங்கிக்கொண்டு அழுதேன். "இடது பக்கம், இடது பக்கம், கேட்கிறதா?" என்று தலைக்கவசத்துக்குள் உர்சுலாவின் குரல் வந்தது. கேட்டது. இடது கயிற்றை இழுக்கக் கை வரவில்லை. ஒரு கமக்காரருடைய பீட்ரூட் வயலுக்குள் போய் விழுந்தேன்.

நீயும் இதைத்தான் தேடிப் போனாயா? களைத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எல்லாவற்றையும் ஏன் பகிடியாகவே சொன்னாய்? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் அது பொய். அம்மா கேட்டுக்கொண்டிருந்த ஞாயிறுகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் உன்னை இனி வேறு யாரிடமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். உன் திவசத்துக்குச் சனம் வரும். தாயை விட்டுட்டுக் குதிக்கப் போனவன் என்று யாராவது தொடங்குவார்கள். இவ்வளவு நாளும் அந்தக் கதைக்கு நானும் பேசாமல் இருந்தேன். இந்தமுறை சாப்பாட்டுக்கு முதலே எழும்பிச் சொல்லுவேன்: "என்ர தம்பியிலை குறை சொல்ல நான் ஒருத்தன் இருக்கிறன். அது காணும்."

இன்னும் கோபமாகவே இருக்கிற,
உன் அண்ணை