கமராவுக்கு ம் கொட்டத் தெரியாது

யூலை 16, 96. செவ்வாய். விடிந்ததிலிருந்து மழை.

நாட்குறிப்புக் கொப்பியே, எப்படிச் சுகம்? நனையவில்லையே? எனக்கு இருமல் மட்டும். புக்கெகோஹி ஊர்க் கொட்டிலில் கரட் பொதி செய்கிற வேலை. கை கரட்டில், வாய் கதையில். அதைப் பார்த்துவிட்டு ஒரு போர்த்துக்கல்காரர் நின்றார். துவார்த்தே. சினிமா டைரக்டர். இங்கே திரைப்பட விழாவுக்குத் தன் பழைய படங்களோடு வந்தவராம். வள்ளத்தில் ஆட்டை ஏற்றிப்போனவன் கதையை நான் தமிழிலேயே சொல்ல, படம் பிடிக்க வேண்டுமாம். கொட்டில் ஒஃபிஸில் வேலை செய்கிற என் மகள் வாசுகிதான் மொழிபெயர்ப்பு.

"பெரிய ஆளோ பிள்ளை?"

"முதல் படத்தில உப்பளத்துச் சனம் மூண்டு மணித்தியாலம் கதைக்குதாம். ஊர்ச்சனம் பாதியில எழும்பிப் போயிட்டுதாம். பிறகு பிரான்ஸில பரிசு கிடைக்க, அதே சனம் திரும்ப வந்து நித்திரை கொண்டதாம்."

நடிகர் ஒருவரையும் வைக்கமாட்டாராம். ஆளைப் பிடித்துக்கொண்டது.

17, புதன். மழை விட்டது. பல்லுக்குத்து.

துவார்த்தே தேத்தண்ணிக்கு வந்தார். சீனி நிறைய. கடைசிப் படத்தை லிஸ்பனில் ஒரு தியேட்டரும் எடுக்கவில்லையாம். இப்போது எடுக்கிற படத்துக்கு என் கதைதான் முடிவு. மிஞ்சியிருப்பது இரண்டு ஃபிலிம் சுருள். அதுவும் பிழையாய்ப் போனால் படமே இல்லை. எனக்குப் பயமில்லை. கதை சொல்ல எனக்கா தெரியாது!

18, வியாழன். குளிர்.

படம் பிடிக்கக் கரட் மெஷினை நிறுத்தினார்கள். ஒருவரும் மூச்சுவிடக்கூடாதாம். தொடங்கினேன். நாலு வசனம். அதற்குமேல் வரவில்லை. ஒரு சுருள் போச்சு.

"என்னப்பா நடந்தது?"

"ஆரும் ம் கொட்டாமல் கதை வருமோ பிள்ளை? சுவரோட கதைக்கிற மாதிரியெல்லே கிடக்கு."

வாசுகி அதை மொழிபெயர்த்துச் சொன்னாள். சத்தம் பதிகிற பெடியன் கையை விரித்தான். நடுவில் ம் கேட்டால் பழுதாம். துவார்த்தே அவனைப் பார்க்கவேயில்லை. கரட் பெட்டி ஒன்றை இழுத்துப்போட்டு, கமராவுக்கு முன்னால், எனக்குப் பக்கத்தில் குந்தினார்.

கடைசிச் சுருள்.

"அவன் ஆட்டைத் தூக்கி வள்ளத்தில விட்டான்."

"ம்."

தமிழ் ஒரு சொல் தெரியாத மனுசன்! நான் மூச்செடுக்கிற இடம் பார்த்துக் கொட்டினார். ஒருமுறை பிழையான இடத்தில் கொட்ட, முறைத்தேன். விழுங்கிவிட்டுத் திரும்பக் கொட்டினார். ஆடு கடலில் குதிக்க, சுருள் முடிந்தது. கதை முடியவில்லை.

"அதுதான் முடிவாம் அப்பா. இத்தனை வருசத்தில இப்பத்தான் தன்ர படத்துக்குள்ள தானே வந்திருக்கிறாராம்."

நித்திரை கொள்ளமாட்டார்கள் இந்தப் படத்தில். எனக்குத் தெரியும்.

19, வெள்ளி. வெயில்.

துவார்த்தே போகிறார். மிச்சக் கதை கேட்காமல் பிளேன் ஏறமாட்டாராம். எயர்போர்ட் வரை நானும் காரில். மோட்டர்வேயில் தகனினி ஊரைத் தாண்டுவதற்குள் ஆட்டைக் கரைசேர்க்க வேண்டும். அதற்குமுதல் ஆட்டுக்காரனின் பெண்சாதி என்ன சொன்னாள் என்று சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. அவள் என்ன சொன்னாளென்றால், கடற்கரையில் நின்று தலைமுடியை அள்ளிமுடிந்துகொண்டு

"அப்பா! கார் ஸ்டார்ட்டில நிக்குது, வாங்கோ!"