மெனோர்க்காவின் ஆளுநர்களும் நாற்பது பற்றிஸும்

11 மார்ச் 2025, செவ்வாய்

வெதுப்பகத்தில் ஒரு அம்மாவுக்குப் பாண் வெட்டிக் கொடுத்துக்கொண்டே "றிச்சர்ட் கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. மெனோர்க்காத் தீவின் ஆளுநர், செத்து முந்நூறு வருஷமாகப் போகிறது என்று விளக்கம் சொன்னால் பாணையும் விட்டுவிட்டு ஓடியிருப்பா.

மாலைப் பள்ளியில் வரலாற்று வாய்மொழிப் பரீட்சைக்கு நாங்களே தலைப்பு எடுக்கலாம். மற்றவர்கள் உலகப் போரையும் இந்த நாட்டைப் பிரித்த பெர்லின் மதிலையும் எடுக்க, நான் மத்தியதரைக் கடலில் ஒரு தீவை எடுத்தேன். மன்னாரில் பிறந்தவளுக்குத் தீவென்றால் ஒரு பிடிப்பு. ஆனால் இது என்ன தீவு! தொண்ணூற்றிநாலு வருஷத்தில் ஆறு தரம் கொடி மாறியிருக்கிறது. ஸ்பானியனிடமிருந்து பிரித்தானியன் பிடித்தான், பிறகு பிரெஞ்சுக்காரன், திரும்பப் பிரித்தானியன், ஸ்பானியன், பிரித்தானியன், கடைசியில் ஸ்பானியன். கொடிக்குக் கொடி புது ஆளுநர். ஐம்பத்தொரு வயதில் இதெல்லாம் தலைக்குள் நிற்குமா?

23 மார்ச், ஞாயிறு

என் மனுசன் யாகோப்புவுக்கு இன்று பஸ் ஓட்டுகிற வேலை இல்லை. சமையல் மேசையில் பரீட்சகராக இருந்தார்.

"இஞ்சரும், பிரெஞ்சுக்காரன் எந்த வருஷம் வந்தவன்?"

"1756."

"ஆர் ஆளுநர்?"

"லன்னியோன்."

"ஆள் நல்லவனோ?"

அப்படியெல்லாம் கேட்க மாட்டினம் என்றேன். "சனம் முதல் அதைத்தானப்பா கேக்கும்" என்றார் யாகோப்பு. பதில் தெரியாத கோபத்தில் அவருக்குத் தேத்தண்ணி போடவில்லை.

29 ஏப்ரல், செவ்வாய்

பிரான்ஸ் அங்கே இருந்தது ஏழே வருஷம், அதற்குள் லன்னியோன் ஒரு புது ஊரையே உண்டாக்கிவிட்டார். எங்கள் குளியலறை பல்பு மாற்ற யாகோப்புவுக்கு ஐந்து மாதம் சென்றது.

21 மே, புதன்

எழுத்துப் பரீட்சையில் வரலாறு பதினைந்துக்கு மூன்று புள்ளி. மூன்று!

"கொறற்றி" என்று வரலாற்று ஆசிரியை ஹெல்விக் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னா. வாய்மொழியில் எட்டு எடுத்தால் பல்கலைக்கழகம் போகிற அபிட்டூர்ச் சான்றிதழ் கிடைக்கும், ஏழென்றால் இல்லை. நாலு வருஷம் காலையில் பாண், பின்னேரம் பள்ளி. ஊரில பள்ளிக் கடைசிப் பரீட்சை ஏ.எல். எழுத இரண்டு மாதம் இருக்கேக்க, சண்டையால ஓடி வந்தவள் நான். இதுவும் போனால்— திரும்ப ஒருக்கால் தொடங்க என்னால ஏலாது. சமூகப்பணி படிக்கிற கனவையும் மடிச்சு அலுமாரிக்குள்ள வைக்க வேண்டியதுதான். அழுதேன். எழுதிவைக்கிறேன், வெட்கம் என்ன.

3 ஜூன், செவ்வாய்

நாளைக்குப் பரீட்சை. கடைசி ஆள் பிரித்தானிய ஆளுநர் ஜெனரல் மரே. 1781இல் கோட்டைக்குள் முற்றுகை. காய்கறி இல்லாமல் படைவீரர்களுக்குப் பல் முரசு வீங்கி இரத்தம் வடிகிறது. வெளியே நிற்கும் பகைத் தளபதி கிரியோன், கோட்டையைத் தந்தால் பெருந்தொகை தருகிறேன் என்று மரேக்கு இரகசியமாக ஆசை காட்டுகிறான். மரே சீறி விழுந்து மறுக்கிறார். எனக்கு இவரைப் பிடித்துவிட்டது.

படித்து முடித்து, மாவுக்குள் மீன் கறி வைத்து மடித்துப் பற்றிஸ் நாற்பது பொரித்தேன். மூன்று பரீட்சகர் எனக்காக வந்து இருக்கப் போகினம், வெறுங்கையோடு போய் நிற்கிறதா? யாகோப்புவும், "ஓம், உம்மட கதையை அரை மணித்தியாலம் கேக்கப் போகுதுகள், பாவங்கள்" என்றார்.

4 ஜூன், புதன்

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

உள்ளே போய் வணக்கம் சொல்லி, பற்றிஸ் பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். அறை முழுக்க வாசம். ஹெல்விக்கின் முகம் வெளுத்துவிட்டது. நடுவில் இருந்த தலைமைப் பரீட்சகர் பேனையைக் கீழே வைத்தார். "புள்ளி போடுபவர்களுக்கு எதுவும் கொடுக்கக்கூடாது. தயவுசெய்து வெளியே வைத்துவிட்டு வாருங்கள். இதை நான் பரீட்சைக் குறிப்பில் எழுத வேண்டும்." எழுதினார். என் கண் முன்னாலேயே எழுதினார்.

கடவுளே, லஞ்சம் குடுக்க வந்தவள் எண்டு நினைச்சிட்டினம். அறிவு கெட்ட கொறற்றி! வெளியே கதிரையில் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கேன் போட்ட வீதியையும் லன்னியோனின் ஊரையும் எப்படிச் சொன்னேனோ தெரியாது, வாய் தானாகப் போனது. மரே வந்ததும் தலைமைப் பரீட்சகர் இடைமறித்தார். "கிரியோன் அதை அன்பளிப்பு என்று சொல்லியிருந்தால்? வரலாற்றாசிரியர் எப்படிப் பிரித்தறிவார்?"

அவர் வேணுமென்றேதான் கேட்டார். ஹெல்விக் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கும் ரோசம் வந்துவிட்டது.

"ஆருக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்டது என்று பார்ப்பேன்" என்றேன். "கிரியோன், மரே ஒருவருக்கு மட்டும், உள்ளே நோய் வருத்தத்தோடு கிடந்தவர்களுக்குத் தெரியாமல் கொடுக்கப் பார்த்தார். என்னுடைய பெட்டி பஸ்ஸில் வரும்போதே எல்லாருக்கும் மணத்தது. ஆனால் நீங்கள் எழுதியதும் சரி. தீவுச் சனத்துக்கு வருகிற ஆளுநர் எல்லாம் புது ஆள். எவர் எதை வாங்குவார், எதை வாங்க மாட்டார் என்று பிழை விட்டுத்தான் படித்திருப்பார்கள். நானும் இன்றைக்குத்தான் படித்தேன்."

என்னைப் போகச் சொன்னார்கள். வெளியே வந்தால் பெட்டி காலி. தங்கள் முறைக்குக் காத்திருந்த நாலு பேரும் வாய் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

இருபது நிமிஷத்தால் ஹெல்விக் வந்தா. "பதினொன்று" என்றா. "எது பதினொன்று?" என்றேன். "பதினொரு புள்ளி, கொறற்றி. எழுதியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது." பிறகு கதிரையை எட்டிப் பார்த்தா. "ஒன்றுகூட மிச்சமில்லையா?"

5 ஜூன், வியாழன்

வேலையில் மூன்று பேருக்குப் பிழையான பாண் கொடுத்தேன். ஒருவரும் ஏசவில்லை.

14 ஜூலை, திங்கள்

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க நாளைக்குக் கடைசி நாள். தட்டச்சு தனக்குத்தான் பிழையில்லாமல் வருமாம், யாகோப்பு கணினிக்கு முன்னால் இருந்துகொண்டார். பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர் எல்லாம் என்னைக் கேட்காமலே அடித்தார். அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டார்.

"பள்ளித் தகுதி எண்டு கேக்கிறான். என்னப்பா போடுறது?"

"அபிட்டூர்."

"என்ன? கேக்கேல்லை."

"அபிட்டூர்!"

திரும்பவும் காதில் கை வைத்தார். மனுசனின் கண் கலங்கியிருந்தது. மூன்றாம் தரம் நான் கத்திய சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரர் தடியால் முகட்டில் தட்டினார்.