உயிரோடிருப்பவனுக்கு ஒரு சாவு நோட்டீஸ்

மதாம்,

இன்று காலை கடைத்தெரு முனையைத் தாண்டும்போது பசை வாசனை அடித்தது. துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை. சுவரில் புதிதாக ஒரு போஸ்டர், ஈரம்கூடக் காயவில்லை. பதவி உயர்வு பெற்ற போலீஸ் அதிகாரிக்குப் பாராட்டு விழாவாம். ரோஜாப்பூப் படம், பட்டுக்குஞ்சம் வைத்த எழுத்து. கிட்டப் போய்ப் பெயரைப் படித்தேன். நம்ம ஆள்தான், அன்று நாம் பத்திரிகையில் பெயர் போட்ட அதே அதிகாரி.

இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நேராக முத்தியால்பேட்டைக்கு வந்து உங்கள் அச்சகத்தில் நின்று கத்துவேன். நீங்கள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "கத்தி முடிச்சியா? அலோர், இப்ப எழுது" என்று பாதி பிரெஞ்சில் சொல்வீர்கள். போன மழைக்காலத்தில் நீங்களும் போய்ச் சேர்ந்தீர்கள், அதற்கும் ஆளில்லை. அதனால் இந்தத் தாளில் கத்துகிறேன்.

உங்கள் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் மாதா கோவில் பிள்ளைகளுக்குப் புதுநன்மைப் படமும் அச்சாகும். வாரத்துக்கு ஒரு முறை எங்களுடைய நாலு பக்கப் பத்திரிகை அச்சாகும். எல்லாவற்றுக்கும் மேல் சாவு நோட்டீஸ். கறுப்புக் கோடு கட்டிய சாவு நோட்டீஸ் என்றால் இந்து வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும் மதாம் அச்சகம்தான். அழுதுகொண்டு வருகிறவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "இப்படிக்கு யாரு பேரு போடறது?" அது தெரியாமல் ஒரு நோட்டீஸையும் நீங்கள் அடித்துக் கொடுத்ததில்லை. செத்தவனுக்குச் சொந்தம் கொண்டாட ஆள் வேண்டும் என்பீர்கள்.

அந்த மூலக்குளத்து விவசாயியைப் பற்றி நான் எழுதியது, பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி வெகுநாள் ஆகாத சமயத்தில். யாரோ ஒரு பெரிய மனிதருடைய சைக்கிள் காணாமல் போயிற்று. காய்கறி விற்க டவுனுக்கு வந்த அந்த விவசாயியைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலைந்து நாள் கழித்து வெளியே விட்டபோது அவரால் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சைக்கிள் அந்தப் பெரிய மனிதரின் மைத்துனன் வீட்டில் இருந்தது. விவசாயி சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். அடித்த அதிகாரி யார் என்பதை அடுத்த இதழில் எழுதுவதாகவும் போட்டிருந்தேன்.

அவ்வளவுதான். நான் போகும் இடமெல்லாம் ஒரு சைக்கிள் பின்னால் வந்தது. வீட்டுக்காரர் திடீரென்று என் அறையில் நெல் மூட்டை போட வேண்டும் என்றார். என் வீட்டு ஜன்னலில் கல் விழுந்ததை எங்கே போய்ச் சொல்வது? சொல்ல வேண்டிய இடம் அதே போலீஸ் ஸ்டேஷன்! திருடனிடமே போய்த் திருட்டுப் புகார் எழுதிக் கொடுக்கச் சொல்கிறது சட்டம். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்று மிட்டாய் கொடுத்த ஊர் இது. போலீஸின் சிவப்புத் தொப்பி அப்படியே இருந்தது. அதன் கீழே இருந்த கையும் அப்படியே இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் எழுத்துச் சுதந்திரம் பேசிய என் நண்பர்கள் எதிர்ப்பட்டால் மறுபக்கம் போனார்கள். "நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்டவர்களை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் பிற்பகல் நான் உங்கள் அச்சகத்தின் மூலையில் உட்கார்ந்து புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். வேட்டி கட்டிய ஓர் ஆள் வந்தார். வேட்டிக்குக் கீழே போலீஸ் பூட்ஸ். ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"சாவு நோட்டீஸ் அடிக்கணும்."

"யாருப்பா தவறிட்டாங்க?"

என் பெயரைச் சொன்னார். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னும் சாவல. தேதிய மட்டும் காலியா வுட்டு அடிச்சி வெச்சிக்குங்க. ஒதவும்."

நீங்கள் சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தீர்கள். பிறகு, எல்லாரிடமும் கேட்கும் அதே குரலில் கேட்டீர்கள்: "இப்படிக்கு யாரு பேரு போடறது?"

அந்த ஆளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஊர்ல எல்லாரும்னு போட்டுக்குங்க மதாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கடலூரில் மாமா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போகிறேன் என்று எழுந்தேன். நீங்கள் குடையை எடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

"எங்க போற? ஆர்டர் வந்திருக்கு, ஒக்காரு. எல்லாரும்னு போடச் சொல்லிட்டுப் போயிருக்கான். கேக்காம ஒருத்தரு பேர எப்படிடா போடறது? நான் போயி கேட்டுட்டு வர்றேன்."

ஐப்பசி மாதத்துச் சேற்றில், வாத நோய்க் காலோடு, தெருத் தெருவாகப் போனீர்கள். வக்கீல் ஒருவர் உங்களுக்குக் காபி கொடுத்து, சட்ட நுணுக்கமெல்லாம் விளக்கி, பெயரை மட்டும் கொடுக்காமல் அனுப்பினார். எங்கள் பத்திரிகைக்குப் புரவலர் என்று போட்டுக்கொண்ட ஜவுளிக்கடைக்காரர் பின்கட்டு வழியாக வெளியே போய்விட்டார். தறி நெய்கிறவர்கள் கொடுத்தார்கள். கோவிலில் மணி அடிக்கிறவர் கொடுத்தார். என்னோடு எப்போதும் மீன் விலையில் சண்டை போடும் அம்மாள், "அந்தாளு கெடக்கறான் கஞ்சன். ஆனா அவன அடிக்க இவனுங்க யாரு? போடு எம்பேர" என்றாராம். நீங்கள் வந்து சொன்னபோது சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது.

கறுப்புக் கோட்டோடுதான் அடித்தீர்கள். மேலே என் பெயர். கீழே இப்படி:

"மேற்படியார் இன்று வரை உயிரோடும் நலத்தோடும் இருக்கிறார். இவருக்குச் சாவு அறிவிப்பு அச்சடிக்கும்படி போலீஸ்காரர் ஒருவர் வந்து சொல்லிப் போயிருக்கிறார். இவருக்கு ஏதேனும் நேர்ந்தால் கீழ்க்கண்ட நாங்கள் எல்லோரும் வந்து கேட்போம். இப்படிக்கு" என்று போட்டு, அதற்குக் கீழே பெயர் பெயராக, பொடி எழுத்தில், தாள் முடிகிறவரை.

கடற்கரை வரைக்கும் சுவரில் ஒட்டினோம். ஸ்டேஷனுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டும்போது பசைவாளியை நீங்களே பிடித்துக்கொண்டீர்கள். அதிகாரி உங்களைக் கூப்பிட்டனுப்பி, இதென்ன அசிங்கம் என்று குதித்தாராம். "ஆர்டர் குடுத்தது ஒங்க ஆளுதான் முசியே. எல்லாரும்னு போடச் சொன்னாரு. சில பேரு ஒத்துக்கல. ஒத்துக்கிட்டவங்கள மட்டும் போட்டிருக்கேன்" என்றீர்களாம். சைக்கிள் பின்னால் வருவது நின்றது. அடுத்த இதழில் அதிகாரியின் பெயரோடு செய்தி வந்தது. விசாரணை என்றார்கள். விசாரணை முடிவில் அவரைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். கடற்காற்று வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். இப்போது அவருக்கு மாலை போடப் போகிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்!

என்னைக் காப்பாற்றிய கதையை நானே பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கைதட்டுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை நான் மேடையில் சொன்னதில்லை.

செய்தி வந்த வாரம், அந்த மூலக்குளத்து விவசாயி அச்சகத்துக்கு வந்தார். கால் இன்னும் சரியாகவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் சுவரிலிருந்து கிழித்த நம்முடைய நோட்டீஸ். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"மதாம், இதுமாரி எனக்கும் ஒண்ணு அடிச்சித் தருவீங்களா?"

"ஒனக்கு எதுக்குய்யா?"

"மறுபடியும் ஸ்டேசனுக்கு வரச் சொல்லி ஆளு வந்துட்டுப் போச்சி. பத்திரிகைக்காரருக்கு ஊரே கேக்கும். எனக்கு யாரு கேப்பா? எங்க தெருவுல நாலு பேரு பேரு தரேன்னு சொல்லியிருக்காங்க."

உங்களுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. மேசையில் ஓங்கி அடித்தீர்கள். கோத்து வைத்த ஈய எழுத்தெல்லாம் சிதறியது. "உசுரோட இருக்கறதுக்கு ஒரு மனுசன் நோட்டீஸ் அடிச்சி ஒட்டிக்கணுமா? எத்தினி பேருக்குடா அடிப்பேன் நான்? மூலக்குளம் பூரா அடிக்கட்டுமா? இந்த ஊரு பூரா அடிக்கட்டுமா? சொல்லுடா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். அவர் பயந்துபோய், தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று கும்பிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரை உட்கார வைத்தீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். அவருடைய பெயரைக் கேட்டு எழுதினீர்கள். அந்தக் கடைசிக் கேள்வியை அன்று அவரிடம் நீங்கள் கேட்கவில்லை. "இப்படிக்கு" என்று கோத்து, கீழே முதலில் உங்கள் பெயரைப் போட்டு, அடுத்த பெயருக்காக எழுத்துத் தட்டை என் பக்கம் தள்ளினீர்கள்.

எத்தனை பேருக்கு அடிப்பது என்று கேட்டீர்களே, மதாம். இன்றைக்கும் யாராவது கால் ஊன்ற முடியாமல் என்னைத் தேடி வந்தால், அவருக்காக வந்து கேட்க நாலு பேரை முதலில் தேடிப் போகிறேன். செய்தியை அதற்குப் பிறகுதான் எழுதுகிறேன்.