பிக்கப்பின் மேல் குங்கிலியம்

அண்ணா,

இன்று உன் கிதாரைத் திறந்தேன். மேல் தகட்டின் திருகுகளைக் கழற்றியதுமே குங்கிலிய வாசனை வந்தது. நைனா படகைக் கரையேற்றி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்குகளில் ஊற்றும்போது வருமே, அதே வாசனை. கிதாருக்குள் அதற்கு என்ன வேலை?

உன் குழுவில் டிரம் அடிக்கும் மஸ்தான் அண்ணன்தான் திறந்து பார்க்கச் சொன்னார். நீ மஞ்சள் காமாலையில் போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த வருடத் திருவிழாக் கச்சேரிக்கு உன் பன்னிரண்டு கம்பிக் கிதாரை யாரோ பொன்னேரிப் பையன் வாசிக்கப் போகிறானாம்.

தகட்டைத் தூக்கினேன். கம்பிகளின் சத்தத்தைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப் இரண்டும் குங்கிலியத்தில் முழுகிக் கெட்டியாகிக் கிடந்தன. சூட்டில் பிளாஸ்டிக் கோணிப் போயிருந்தது. உள்ளே சுற்றியிருந்த, தலைமயிரை விட மெல்லிய செம்புக் கம்பி பல இடங்களில் கருகியிருந்தது.

அந்தப் பிக்கப்புகளைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

பழையவை உப்புக்காற்றில் செத்துப்போனதும் நீ என்னை மெட்ராஸுக்குக் கூட்டிப் போனாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வலை பின்னிக்கொண்டிருந்த எனக்கு அதுதான் முதல் ரயில். ஏன் என்னை அழைத்தாய் என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். பன்னிரண்டு கம்பியையும் ஜோடி ஜோடியாகச் சுதி சேர்த்துத் தந்தது நான்தான். உனக்கு மெல்லிய கம்பிகளின் சுதி பிடிபடாது. வெளியில் சொல்லாதே என்றாய். நானும் சொல்லவில்லை.

கிதார்க் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாபா, பாப்பாவ இட்டுனு வந்துகிற? வளையல் கடை அடுத்த தெருவுல கீது."

"அவ கேட்டுச் சொல்லுவா சார். நீங்க போட்டுக் காட்டுங்க."

அவர் ஒவ்வொரு பிக்கப்பாக ஒயரில் மாட்டி, கம்பிகளுக்கு மேலே பிடித்துக் காட்டினார். முதலாவதில் ஜோடிக்கு ஒன்றாக ஆறு காந்த ஆணிகள் இருந்தன. சத்தம் பெரிது. ஆனால் ஒவ்வொரு ஜோடியும் ஆணிக்கு இரண்டு பக்கமும் விலகி நின்றதால், மெல்லிய கம்பி தடித்த கம்பிக்குள் மறைந்துபோனது. இரண்டாவதில் ஆணிகளுக்குப் பதிலாக நீளமாக ஒரே இரும்புப் பட்டை. சத்தம் கொஞ்சம் குறைவு. ஆனால் பன்னிரண்டும் தனித்தனியாகக் கேட்டன. வெளியாளிடம் பேச எனக்கு வாய் வராது. உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இதுவா?" என்றாய். தலையாட்டினேன். அந்த மாதிரியிலேயே இரண்டு வாங்கினாய். திரும்பி வரும்போது ரயிலில், "காது உன்னுது, கை என்னுது. அவ்ளோதான்," என்றாய். அனுப்பம்பட்டு தாண்டும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வீட்டில் மாட்டி வாசித்தபோது நன்றாகத்தான் இருந்தது. போன வருடத் திருவிழாவுக்கு முதல் நாள், நைனா காய்ச்சிய குங்கிலியத்தில் ஒரு கொட்டாங்கச்சி மொண்டுகொண்டு போனாய். எதற்கு என்று கேட்டேன். "கிதார் பொட்டில ஓட்ட விழுந்துச்சு," என்றாய். மேடை கடலைப் பார்த்து இருந்ததால் உனக்கு உப்புக்காற்றுப் பயம். படகுக்கு ஆகிறது பிக்கப்புக்கும் ஆகும் என்று நினைத்துவிட்டாய். இது எனக்கு இன்றைக்குத்தான் புரிகிறது.

முதல் பாட்டிலேயே கிதார் ஈரச் சாக்குக்குள்ளிருந்து கேட்பதுபோல முனகியது. "டேய், கிதாரு தூங்குதுடா, எழுப்பு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். நீ மைக்கைப் பிடித்துச் சிரித்தாய். "இன்னா பண்றது? தங்கச்சி காத நம்பி வாங்கினேன்!"

ஊரே சிரித்தது. நான் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் குழாயடியில், "ஏ பிக்கப்பு, குடத்த நவுத்து!" என்றார்கள். இன்றுவரை அதுதான் என் பெயர். வீட்டில் நன்றாகக் கேட்டதே என்று யோசித்தேன். அப்படியானால் என் காதுதான் பொய் சொல்லியிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். அதன் பிறகு கிதாரைத் தொடவில்லை. நீயும் கூப்பிடவில்லை.

தெரியாமல் ஊற்றினாய் என்றால் பரவாயில்லை அண்ணா. ஆனால் குங்கிலியத்தின் மேல் கத்தியால் சுரண்டிய கோடுகள் இருக்கின்றன. கச்சேரிக்குப் பிறகு நீ திறந்து பார்த்திருக்கிறாய். சுரண்டிப் பார்த்து, முடியாமல், மறுபடி மூடித் திருகியிருக்கிறாய். அதற்குப் பிறகு நான்கு மாதம் உயிரோடு இருந்தாய். ஒரே பாயில் உட்கார்ந்து என்னோடு சோறு தின்றாய். ஆஸ்பத்திரியில் என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டாய். அப்போதும் சொல்லவில்லை.

மஸ்தான் அண்ணன் வந்தபோது அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். "இன்னா மாதிரி வாங்கறதுன்னு கடைக்காரனையே கேட்டுக்கறேன். நீ சொல்லாத கண்ணு, போன தபாவே…" என்று இழுத்தார். நான் தகட்டைத் தூக்கிக் காட்டினேன். குனிந்து முகர்ந்தார். சுரண்டிய கோட்டை நகத்தால் தடவினார்.

"அடப்பாவி," என்றார்.

"அதே மாதிரி வாங்குங்க. பட்ட வெச்சது," என்றேன். வெளியாளிடம் நான் முழுசாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"வாங்கறேன். திருவிழா அன்னிக்கு மைக்குல சொல்லிடறேன். உம்மேல தப்பில்லன்னு ஊருக்குத் தெரிய வேணாம்?"

எனக்கு அழுகை வந்தது. ஆமாம், சொல்லுங்கள் என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போது அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள். திறந்து கிடந்த கிதாரைப் பார்த்துவிட்டு, முந்தானையால் அதன் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். "எம்புள்ள வாசிச்சது. இந்த வருசம் நான் மொத வரிசைல ஒக்காந்து கேக்கணும் மஸ்தானு," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

போன வருடம் அந்தப் பழியை நீ என் தலையில் வைத்தாய். இந்த வருடம் நானே எடுத்து வைத்துக்கொண்டேன். கனக்கிறது, அண்ணா.