“இல்லை” என்று எழுதினாலும் உண்மை

மார்ச் 3
கணினிக்குக் கட்டளை வரிகள் எழுதும், வட மினசோட்டாவின் ஷெல் ஸ்கிரிப்ட் சக்கரவர்த்தியாகிய என்னை இன்று ஏரி ஆய்வு நிலையத்துக்கு அவசரமாக வரவழைத்தார்கள். அங்கே பறவைகளை ஆராயும் வெர்னாவின் கணினி வட்டு செத்துவிட்டது. பதினோரு வருடமாக அவள் பதிவு செய்த லூன் என்னும் நீர்ப்பறவைகளின் குரல் முழுவதும் அதில்தான்.

“மகாராஜா, நகல் இருக்குல்ல?”

“பிரளயம் வந்து நோவா மூழ்கினாலும் உன் நகல் மிதக்கும் தாயே!”

நகலெடுப்பது என் ஸ்கிரிப்ட் ஆயிற்றே. தினமும் காலை ஏழு மணிக்கு அவளுக்கு “எல்லாம் நலம்” என்று கடிதம் போடும்.

மார்ச் 4
நகல் வட்டைத் திறந்தேன். காலி.

மார்ச் 5
கண்டுபிடித்துவிட்டேன். வட்டின் முகவரியில் எழுத்துப் பிழை. ஒரு நாளும் நகல் ஆகவில்லை. ஸ்கிரிப்ட் அதை ஒளிக்கவும் இல்லை. “நகல் ஆனதா” என்ற இடத்தில் ஒழுங்காக false என்று, அதாவது பொய் என்று, குறித்திருக்கிறது. அடுத்த வரி, என் வரி: if [ $copied ], அதாவது நகல் ஆகியிருந்தால் “எல்லாம் நலம்” அனுப்பு. அதைப் படிக்கும் ஷெல் சொல்லுக்குப் பொருள் பார்க்காது. ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். பொய் என்று எழுதியிருந்தாலும் எழுத்து எழுத்துதானே, ஆகவே உண்மை. வெற்றிடம் மட்டும்தான் அதற்குப் பொய், அதாவது “இல்லை”. = true என்று சேர்த்திருக்க வேண்டும். எத்தனை பேரை இதே தவறுக்காகக் கிண்டல் செய்து அழவைத்திருக்கிறேன்!

மார்ச் 6
வெர்னாவிடம் சொல்லிவிட்டேன்.

“அப்ப அது தினமும் ‘இல்ல இல்ல’ன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கு. நீ எனக்கு ‘ஆமா’ன்னு சொல்லிட்டு இருந்திருக்க. அப்படித்தானே ஹால்வர்?”

லூன்களை வரிசையில் நிறுத்தி மறுபடி பாடச் சொல்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

“வடக்குக் கரை ஜோடி போன வருஷமே செத்துப்போச்சு. யாரைப் பாடச் சொல்லுவ?”

இந்த வாய் இருக்கிறதே — எதற்கு அப்படிச் சொன்னேன்?

மார்ச் 9
மினியாபொலிஸ் வரை வண்டி ஓட்டி, செத்த வட்டை மீட்புக் கடையில் கொடுத்தேன். கடைக்காரன் பிரித்துப் பார்த்தான். “உள்ள தட்டெல்லாம் சுரண்டிப் போச்சு சார். ஒண்ணும் தேறாது.”

மார்ச் 10
ஸ்கிரிப்டைத் திருத்தினேன். அற்புதமாக ஓடுகிறது. நகலெடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

மார்ச் 14
வெர்னாவுக்கு மின்னஞ்சல். நகைச்சுவை ஒன்றுகூட இல்லாமல் நான் எழுதிய முதல் கடிதம். “என்னை மன்னிப்பாயா? ‘மாட்டேன்’ என்றாவது எழுது.”

மார்ச் 20
பதில் வந்தது. மேலே அவள் பெயர், தேதி. கீழே ஓர் எழுத்தும் இல்லை.

இதை என் பழைய ஸ்கிரிப்ட்கூடச் சரியாகப் படித்திருக்கும்.